இடுப்பளவு

டெய்லர் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார்; டேப்பை எடுப்பதெல்லாம் வந்தவரின் திருப்திக்குத்தான்.

கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயதில் அவருடைய இதயம் பலவீனமானது. கால்கள் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நாலு படி ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது.

இதய டாக்டர், நீர் பிரிய ஒரு மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார். "தேங்கின தண்ணி இறங்கினா எடை குறையும். திடீர்னு ஏறினா உடனே வாங்க" என்றார். இறங்கிக்கொண்டே போனால் என்ன செய்வது என்று இவர்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் வீக்கம் வற்றியது. பேன்ட் தொளதொளத்தது. அக்கா இடுப்பில் ஓர் அங்குலம் பிடித்துத் தைத்தார்.

"மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க. பொண்ணு பார்க்கட்டுமா?"

"பாரு. தைக்கத் தெரிஞ்ச பொண்ணா பாரு."

வீக்கம் போன பிறகும் உடம்பு இளைத்தது. உப்பில்லாத சாப்பாடு இறங்கவில்லை போலும் என்று நினைத்தார் அக்கா. களைப்பாக இருக்கிறது என்றால், இதய நோய்க்காரருக்கு அப்படித்தான் இருக்கும். முகம் வெளுத்ததற்கும் அதே பதில். எல்லாப் பழியும் இதயத்தின் தலையில் விழுந்தது. மூன்றாவது முறை பிரித்துத் தைத்தபோது பின்பக்கப் பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டன. அதைக் காட்டியும் அக்கா சிரித்தார்.

வெளியூரிலிருந்து வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, அப்பாவைப் பார்த்தா உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தண்ணி இறங்கியிருக்குடி."

"தண்ணியெல்லாம் எப்பவோ இறங்கியாச்சு. இது சதைம்மா."

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். உடம்பில் இருக்கவேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருந்தது. குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலையும் எட்டியிருந்தது.

புற்றுநோய்க்கு ஒரு டாக்டர், இதயத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இன்னொருவர். வழக்கமான மருந்தை இந்த இதயம் தாங்குமா என்று புற்றுநோய் டாக்டர் யோசித்தார். ரத்தம் கசிவதால் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தவேண்டும், நிறுத்தினால் எங்காவது அடைத்துக்கொள்ளுமோ என்று இதய டாக்டர் யோசித்தார்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதையாப் போச்சு. ஒருத்தியைச் சமாதானம் பண்ணினா இன்னொருத்தி கோவிச்சுக்கிறா" என்றார் டிரைவர்.

கடைசியில் இரண்டு டாக்டர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து, அளவைக் குறைத்து மருந்து தொடங்கினார்கள். நான்கு மாதம் ஓடியது. பிறகு கால் மறுபடி வீங்கியது, மூச்சு முட்டியது. "போதும்" என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

"கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே ஆறு மாசமா மலத்துல ரத்தம் போச்சு."

"ஏன் சொல்லல?"

"அந்த மாத்திரையாலதான்னு நெனச்சேன். அப்புறம், நான் இளைச்சதுல நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. கெடுக்க மனசு வரல."

அக்கா அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். நெடுநேரம் மூடவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில், அவர் இதயம்தான் முதலில் நின்றது.

முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அக்கா பிறகு டாக்டரைக் கேட்டார். "நாள் கூடியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர். இல்லை என்றே சொல்லியிருந்தால் அக்கா அழுது தீர்த்திருப்பார். அந்த 'லாம்' அவரைத் தூங்கவிடவில்லை.

"தெரியாம நடந்ததும்மா, விடு" என்றாள் மகள்.

"தெரியாம இல்லடி. மூணு தடவை என் கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சுது. நல்லதுக்குன்னு நெனச்சுட்டேன்."