வேண்டாம் மாமா வீடு வாங்கிய கதை

என் அம்மாவின் தம்பிக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் வேண்டாம் மாமா. மாமா முறை ஆகாதவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் முதுகுக்குப் பின்னால். வீடு வாங்க ஆசைப்பட்டவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரை அழைத்துப் போய்க் காட்டுவார்கள். அவர் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தரையில் மண்டியிட்டு மூலைகளை முகர்ந்து பார்ப்பார். மின்பெட்டியைத் திறந்து, உள்ளே செத்த பல்லியைப் பார்த்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் வாசலில் நின்று ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, "வேண்டாம்" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அடிதடி ஆகியிருக்கும். இவருக்கோ கைகுலுக்கி நன்றி சொல்வார்கள்.

நான் அவருடைய அலுவலகம். அவருக்கு வண்டி ஓட்டுவது, ஏணியைப் பிடித்துக்கொள்வது, அறிக்கையைத் தட்டச்சு செய்வது எல்லாம் நான்தான். மாமாவின் கண்ணுக்கு எந்த வீட்டு விரிசலும் தப்பாது, சாலையில் எதிரே வரும் லாரி மட்டும் தப்பிவிடும். ஒருமுறை ஓட்டிக்கொண்டே பக்கத்துக் கட்டடத்தின் கூரையைக் குறை சொன்னவர் நேரே ஒரு சுவரில் போய் நின்றார். இறங்கியதும் சுவரில் சிமென்ட் கலவை சரியில்லை என்றாராம். அன்றைக்கே அத்தை சாவியைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாமா போலி இல்லை. தவழும் குழந்தையோடு ஒரு ஜோடி வாங்க இருந்த வீட்டில், ஜன்னல் கட்டையில் உரிந்து கிடந்த பழைய பெயின்ட்டைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார். ஈயம் கொள்ளை கொள்ளையாக இருந்தது. குழந்தை அதை விரலால் தொட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அந்தத் தாய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூரைத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ், குளியலறைச் சுவருக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை, தோட்டத்துக்கு அடியில் யாரோ புதைத்துவிட்டு மறந்த எண்ணெய்த் தொட்டி என்று எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர் அவர். அதில் வந்த கர்வம்தான் அவரைக் கெடுத்தது. குறை இல்லாத வீடு என்று ஒன்று கிடையாது, பார்க்கத் தெரியாத ஆள்தான் உண்டு என்று அடித்துச் சொல்வார்.

இப்படிப்பட்டவர் எங்கே குடியிருந்தார் என்று கேட்பீர்கள். வாடகை வீட்டில்தான். படுக்கையறைச் சுவரில் மழைக்காலத்தில் ஈரம் ஏறி ஒரு பெரிய யானை உருவம் தெரியும். அத்தை காட்டினால், "அது வீட்டுக்காரர் பிரச்சினை" என்பார். வாடகை வீட்டை மாமா பரிசோதிப்பதில்லை. காசு கொடுத்து வாங்கும் விஷம்தான் விஷம். மாத வாடகையில் வருவது அவர் கணக்கில் வராது.

அத்தைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, சொந்தமாக ஒரு வீடு. பெரிய மாளிகை ஒன்றும் கேட்கவில்லை. காலி பண்ணச் சொல்ல ஒருவன் இல்லாத வீடு வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து மூட்டை முடிச்சைக் கட்டி அவிழ்த்து, எந்தப் பாத்திரத்துக்குள் எந்தப் பாத்திரம் அடங்கும் என்பது அவள் கைக்கு மனப்பாடமாகிவிட்டது. சேமிப்பு இருவர் பெயரிலும் இருந்தது. மாமாவின் கையெழுத்து இல்லாமல் அதைத் தொட முடியாது. அத்தை அவ்வப்போது ஒரு வீட்டைக் கண்டுபிடித்து ஆசையோடு கூட்டிப் போவாள். மாமாவும் மறுக்காமல் வருவார், தட்டுவார், முகர்வார், ஷூ நாடாவைக் கட்டுவார். வேற்றாளுக்கு ஒரு நியாயம், பெண்டாட்டிக்கு ஒரு நியாயம் என்பதெல்லாம் அவரிடம் கிடையாது.

இந்த லட்சணத்தில் வீட்டுக்காரர் வந்து, மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், கோடை முடிவதற்குள் காலி பண்ணிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை மறுநாளே கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, வாரக்கடைசிக்குள் ஒரு வீட்டோடு வந்தாள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவருடைய வீடு. அவர் மகளோடு போய் இருக்கப் போவதால் விற்கிறார். சின்ன வீடுதான், ஆனால் சமையலறையில் காலை வெயில் விழுந்தது.

"இதுக்கும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா, நான் நம்ம பையன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க ஏதாவது ஹோட்டல்ல ரூம் எடுத்துக்கங்க. அங்கயும் சுவத்தைத் தட்டிப் பாத்துக்கங்க," என்றாள் அத்தை.

மாமா பார்த்தார். கூரை சரி, வயரிங் சரி, பெயின்ட் சரி. அவர் முகம் வாடிப்போனதை நான் கவனித்தேன். கடைசியில் கீழ்த்தளத்து அறையில் தரையில் ஒரு மெல்லிய விரிசலைக் கண்டதும் உயிர் வந்தது.

"ரேடான் பாக்கணும்," என்றார்.

அது மண்ணுக்கடியிலிருந்து வரும் ஒரு வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறி, வருஷக்கணக்கில் மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும். வேடிக்கைக்குரிய விஷயம் இல்லை. கரித்தூள் நிரப்பிய ஒரு தட்டையான டப்பாவைத் திறந்து கீழ் அறையில் சில நாள் வைக்க வேண்டும். அதுவரை வீட்டு ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். பிறகு டப்பாவை மூடிச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால் எண் வரும். விற்கிறவர்கள் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு ஏமாற்றுவது உண்டு என்பதால், மாமா ஒவ்வொரு ஜன்னலிலும் ஒட்டுத்தாள் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போடுவார். ஓட்டுநர் வீட்டிலும் போட்டார். பாவம் அந்த மனிதர், வெயில் காலத்தில் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தது. எண் மிகமிகக் குறைவு. அத்தை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. மாமாவோ அந்தத் தாளை நெற்றிக்கு நேரே தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது வீட்டுக் காத்தே இல்ல," என்றார். "திறந்த வெளியில வெச்சாத்தான் இப்படி வரும். அந்த டிரைவர் என் காதுல பூ சுத்திட்டான். வண்டிய எடு."

மூவரும் போனோம். மாமா ஒவ்வொரு ஜன்னலாகப் போய் ஒட்டுத்தாளைத் தடவிப் பார்த்தார். ஒன்றுகூட உரியவில்லை, அவருடைய கையெழுத்து கோணல்மாணலாக அப்படியே இருந்தது. ஓட்டுநர் வேர்க்க விறுவிறுக்க நின்றார்.

"சார், சத்தியமா நான் ஒரு ஜன்னலைக்கூடத் தொடல. வெந்து போனேன் சார். வேணும்னா அம்மாவைக் கேளுங்க, அவங்கதான் திரைத் துணிக்கு அளவு எடுக்கணும்னு தெனமும் வந்துட்டுப் போனாங்களே."

மாமா மெல்லத் திரும்பினார். அத்தை கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பாக்காதீங்க," என்றாள். பிறகு, "ஆமா, நான்தான். டப்பாவைப் பையில போட்டுக்கிட்டுப் போய் நம்ம வீட்டு மொட்டை மாடியில துணிக்கொடிக்குக் கீழ வெச்சேன். நீங்க எடுக்க வர்ற அன்னிக்குக் கொண்டாந்து வெச்சுட்டேன்," என்றாள்.

வீடு விற்கிறவன் செய்யும் தில்லுமுல்லு அத்தனைக்கும் மாமாவிடம் மருந்து இருந்தது. வாங்குகிறவளே திருட்டுத்தனம் செய்வாள் என்பதற்கு மட்டும் எந்த ஒட்டுத்தாளும் இல்லை.

"இது என்னன்னு தெரியுமா உனக்கு? உன் நுரையீரல் போயிடும்," என்றார் மாமா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"போகட்டும். சொந்த வீட்டுல போகட்டும்."

ஓட்டுநர் சமயம் பார்த்து, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு வயதான ஒரு மனுஷி ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேர்வையோடு மாடிப்படி ஏறியதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் சோதனை. இந்த முறை டப்பாவுக்கு நான் காவல் என்று உத்தரவானது. அத்தை அந்தப் பக்கமே வரவில்லை. எண் வந்தபோது அது வரம்புக்கு மேலே இருந்தது. மலையளவு இல்லை, ஆனால் மேலேதான். "நான் சொன்னேன்ல," என்ற மாமாவின் முகத்தில் பரீட்சையில் முதலாவதாக வந்த பையனின் களை. ஜெயித்தது பெண்டாட்டியிடம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அத்தை டீ போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். உட்கார்ந்தாள்.

"சரி. இந்த வாயுவை வெளிய அனுப்ப வழியே கிடையாதா?"

"ஏன் இல்லாம? தரையில ஒரு துளை போட்டு, குழாய் எறக்கி, கூரைக்கு மேல வரைக்கும் கொண்டுபோய் ஒரு விசிறி மாட்டினா, மண்ணுலேர்ந்து வர்றதை அப்படியே இழுத்து வெளிய தள்ளிடும்."

நான் டம்ளரை வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாக அவருடைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்தவள் நான். குழாய் என்ற சொல்லையே ஒருமுறைகூட அடித்ததில்லை.

"இதை ஏன் இதுவரைக்கும் சொல்லல?" என்றாள் அத்தை.

"அது என் வேலை இல்ல. குறை பாக்கறவன் வேற, சரி பண்றவன் வேற. பரிசோதிக்கிறவன் ரிப்பேரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, கமிஷனுக்குத்தான் பேசறான்னு ஆயிடும். தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கு."

"நான் உங்க பொண்டாட்டி."

"யாரா இருந்தாலும்."

அத்தை தலையாட்டினாள். கோபப்படவில்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"ஆத்தங்கரைப் பக்கம் பாத்தோமே, மஞ்சள் வீடு. அதுக்கு?"

"பெயின்ட். பழசை எடுத்துட்டு மூடியிருக்கணும்."

"தபால் ஆபீஸுக்கு மேல இருந்த ஃபிளாட்?"

"மேல் வீட்டுக் குழாய் ஒழுகுச்சு. அடைச்சா ஈரம் நின்னிருக்கும்."

"முன்னாடி ரெண்டு மரம் நின்ன வீடு?"

"கூரைத் தகடு. ஆளை வெச்சு மாத்தலாம்."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவளுக்கு எல்லா வீடும் ஞாபகம் இருந்தது. அவருக்கு எல்லாக் குறையும் ஞாபகம் இருந்தது. ஒரே வீட்டுக்குள் சேர்ந்து போய்விட்டு ஆளுக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், இத்தனை காலமாக. மாமாவின் பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. பாதியில் அவர் டீயைத் தொடுவதை நிறுத்திவிட்டார்.

"முதல் வீடு," என்றாள் அத்தை. "பையன் கைக்குழந்தை. எங்கப்பாவும் கூட வந்தாரு. ரெண்டு பக்கமும் ஜன்னல், பின்னாடி கிணறு. அதுல என்ன?"

மாமா மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"அதுல ஒண்ணும் இல்ல," என்றார்.

"ஒண்ணுமேயா?"

"ஒரு கதவுல கீல் தளர்ந்திருந்துது."

"அப்பறம் ஏங்க வேண்டாம்னீங்க?"

"அப்ப நான் தொழிலுக்குப் புதுசு. உங்கப்பா பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒண்ணும் இல்லன்னு சொன்னா, மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சுப்பாரோன்னு..."

அத்தை டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பி வந்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, "குழாய் போடறவர் நம்பர் குடுங்க," என்றாள். மாமாவுக்கு அது மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

வீடு கிடைத்ததா என்றால், கிடைத்தது. குழாய் போட ஓட்டுநர் சம்மதித்தார், அதன் பிறகு வைத்த டப்பாவில் எண் சரசரவென்று இறங்கியது, மாமா கையெழுத்துப் போட்டார். ஷூ நாடாவை யாரும் கட்டவில்லை. ஆனால் எனக்கு மனத்தில் நிற்பது குழாய் போட்ட நாள்தான்.

குழாய்க்காரர் காலையில் ஒரு துளைப்பானோடும் தோளில் ஒரு வெள்ளைக் குழாயோடும் தனியாக வந்தார். அத்தை கீழ்த்தளத்துப் படியில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். ஒரு பெரிய சத்தம், கொஞ்சம் தூசி, பிறகு பசை வாசனை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அவர் விசிறியைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"முடிஞ்சுதும்மா."

"அவ்வளவுதானா?" என்றாள் அத்தை.

"அவ்வளவுதான். லேசா ஒரு சத்தம் கேக்கும், பழகிடும்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் எந்த வீட்டைக் காலி பண்ணியபோதும் அவள் அப்படி அழுததில்லை. மாமா இரண்டு படி மேலே நின்றிருந்தார், இறங்கி வரவும் இல்லை, ஏறிப் போகவும் இல்லை.

"சொந்த வீடு இல்லீங்களா, சந்தோஷத்துல அழுகை வந்துடும்," என்றார் குழாய்க்காரர் மாமாவைப் பார்த்து.

யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அங்கேயே திருத்திவிடுகிற மாமா, அவரைத் திருத்தவில்லை.