சுவர் வைத்த குப்பைமேடு

இங்கிலாந்தில் முற்றத்துச் செடியை வெட்டினால், அந்தக் கிளைகளைக் கொட்ட முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும். எங்களுக்குச் சனிக்கிழமை பத்தரை மணி கிடைத்தது. நான் வாடகைக்கிருக்கும் வீட்டுக்காரம்மா மார்கரெட் காரை ஓட்ட, மடியில் ஒரு மூட்டை இலையோடு நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

நகரசபையின் குப்பை நிலையத்தில் இலைக்கும் கிளைக்கும் தனியிடம். வீட்டளவு குவிந்து கிடந்தது. அது சரிந்துவிடாதபடி மூன்று பக்கமும் என் தோளுயரத்துக்குக் கொங்கிரீட் சுவர். மூட்டையைக் கவிழ்க்காமல் அந்தச் சுவரையே பார்த்து நின்றேன். மனிதர்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன், அழுகும் இலைமேல் பொறாமைப்பட்டது அன்றுதான்.

இலங்கையில் தெரணியகலைக்கு மேலே, ரப்பர் தோட்டத் தொழிலாளருக்கான லய வீட்டு வரிசையில் என் கணவரும் பதினைந்து வயது மகள் மலரும் இருக்கிறார்கள். லயத்தின் பின்னால் செங்குத்தான மண்மேடு. இங்கே முதியோர் இல்ல வேலைக்கு வருமுன், தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தபோது, அதற்கொரு சுவர் கேட்டு நானே நான்கு கடிதம் எழுதினேன். இரண்டு தமிழில், இரண்டு சிங்களத்தில். போன மாத மழையில் மேடு இறங்கிக் குசினிக் கதவுவரை வந்து நின்றது. லயத்தைவிட்டு ஓடிப் பள்ளிக்கூடத்தில் பத்து நாள் தங்கியவர்களை, வேலைக்கு வராவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போகும் என்று சொல்லித் தோட்ட நிர்வாகம் திரும்ப அழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து இங்கே பக்கத்து வீட்டில் கதவு அறைந்தாலும் நான் போனைத் தேடுகிறேன்.

"இந்தச் சுவரை யார் கேட்டுக் கட்டினார்கள்?" என்று அங்கிருந்த வேலையாளிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவலை வேண்டாம், இது விழாது," என்று சிரித்தார்.

அங்கேயே நின்று மலருக்கு போன் எடுத்தேன்.

"அங்க மழையாடி?"

"லேசா தூறுதும்மா. மண்ண வெட்டி ஓரமா தள்ளிட்டோம். கிராமசேவக மாத்தயா வந்து பாத்துட்டு, 'பய வென்ன எபா'ன்னாரு."

"பயப்படாதன்னு சொல்ல அந்த ஆபீசருக்கென்ன? அவரு வீட்டுப் பின்னாலயா மேடு இருக்கு? நீ இப்பவே டவுனுக்கு, சித்தி வீட்டுக்குப் போ."

"அப்பா?"

"அவருக்கு வேலை இருக்குல்ல."

"அப்பாவ தனியா விட்டுட்டுப் போறதெல்லாம் உங்களுக்குத்தாம்மா வரும். எனக்கு வராது."

போனை வைத்துவிட்டாள். திட்டவும் முடியவில்லை. அவளும் அவள் அப்பாவும் ஒரே கூரையின் கீழ் பயப்படுகிறார்கள். வெளியே சொல்ல வெட்கம்தான். அப்படிச் சேர்ந்து பயப்படுவதன்மேலும் எனக்குப் பொறாமை.

இங்கேயும் மழை பிடித்துக்கொண்டது. மார்கரெட் குடையோடு ஓடிவந்து, "காலையில் எழுந்ததும் போனில் வானிலைதானே பார்க்கிறாய்? ஒரு கோட்டு எடுத்துவரத் தோன்றவில்லையா?" என்றார்.

பார்த்தேன்தான். இந்த ஊருக்கு இல்லை. தெரணியகலையில் இன்று மாலை ஆறு மணிக்குமேல் கனமழை என்று போட்டிருந்தது.