அப்பாவின் பெயரில் வந்த அழைப்புகள்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். எங்களுக்கு ஏது கடைசிப் பெயர்? என் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் உண்டு, அது அப்பாவின் பெயருடைய முதல் எழுத்து. பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். முன்னால் இருப்பது முன்னாலேயே இருக்கட்டும் என்று அப்பாவின் பெயரை முதலிலும் என் பெயரைப் பின்னாலும் எழுதிவிட்டேன். அலுவலகப் படிவத்திலும் அப்படியே நிரப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் என் மின்னஞ்சல் திறந்தது. முதல் கடிதமே அப்பாவின் பெயரைச் சொல்லி வரவேற்றது. வாசல் அட்டையில் என் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் அப்பாவின் பெயர், அதற்கடியில் பொடி எழுத்தில் என் பெயர். கேப் ஓட்டுநரின் பட்டியலிலும் அப்பாதான் இருந்தார். தொம்மலூர் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் ஓர் ஆணைத் தேடிக்கொண்டிருக்க, நான் போய்க் கதவைத் திறந்தால் இது உங்க கேப் இல்லை மேடம் என்பார். ஒரு வாரம் இப்படிப் போயிற்று.

காப்பீட்டு மென்பொருளைச் சோதித்துப் பார்த்து, எங்கே தப்பு என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. எங்கள் குழுவில் பாதிப் பேர் ஜெர்மனியில் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவியாக இருந்தவர் ஐம்பது வயது கடந்த ஒரு பெண்மணி. அவர் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார். அது முருகனின் பெயர்களில் ஒன்று, அவர்கள் வாயில் கொஞ்சம் நெளிந்து வரும். ஒருமுறை திருத்திச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆனால் கடிதம் எழுத உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் காட்டுவது அப்பா பெயரைத்தானே? அடுத்த வாரம் பழையபடி ஆகிவிட்டது. இரண்டாவது முறையும் சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் என்னை என் பெயரால் கூப்பிட்டார்கள், அது போதும் என்று நினைத்தேன்.

ஆனால் அப்பாவின் பெயர் சும்மா இருக்கவில்லை. 'இது இன்னும் ஏன் முடியவில்லை?' என்று அப்பாவின் பெயரை முதலில் போட்டு ஒரு கடிதம் வந்தால், அவரை யாரோ நிற்க வைத்துக் கேட்பதுபோல் எனக்கு முகம் சூடாகும். அதனாலேயே எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்து அனுப்பும் பழக்கம் வந்தது. நன்றாகச் செய்தீர்கள் என்று அவர் பெயருக்குப் பாராட்டு வந்த நாளில் வீட்டுக்குப் போய் எதுவும் சொல்லாமல் அப்பாவின் தட்டில் இன்னொரு தோசையை வைப்பேன். இதையெல்லாம் அவரிடம் சொல்ல ஏனோ கூச்சமாக இருந்தது. இப்படியே நாலு வருடம் ஓடியது.

அப்பா ஒரு தொழிற்சாலையில் கடைசல் மெஷின் ஓட்டியவர். அவர் ஓய்வு பெற்ற வருடமும் நாங்களெல்லாம் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிய வருடமும் ஒன்று. தொம்மலூரில் எங்கள் வீடு ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை அவ்வளவுதான். அறையை எனக்குக் கொடுத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். டிவியைச் சத்தமில்லாமல் ஓட விட்டு, வாயசைவைப் பார்த்தே அம்மா சீரியல் பார்த்தாள்.

ஒருநாள் என் ஹெட்செட் கெட்டுப் போனது. ஸ்பீக்கரில் போட்டுக் கூட்டத்தில் சேர்ந்தேன். ஜெர்மன் பெண்மணி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என்னை ஏதோ கேட்கப் போகிறார் என்று நான் காகிதத்தைப் புரட்டுவதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஆங், இதோ வந்துட்டேன்."

மூக்குக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா அறை வாசலில் வந்து நின்றார். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பேசியது யார் என்று அந்தப் பெண்மணி கேட்டார். நீங்கள் கூப்பிட்டவர்தான் பேசினார், இது அவருடைய பெயர், நான் அவர் மகள் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கேலி இல்லாத சிரிப்பு. அந்தப் பெண்மணி என் அப்பாவுக்கும் ஒரு வணக்கம் சொன்னார். அப்பா அவசரமாகச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

கூட்டம் முடிந்ததும் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். படிவத்தில் நான் எழுதியது, மின்னஞ்சல், கேப், எல்லாம். கோபித்துக்கொள்வாரோ என்று ஒரு பயம் எனக்கு.

"நாலு வருஷமாவா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"மரியாதையாத்தான் கூப்பிடறாங்க," என்றார். எழுந்து போய்விட்டார்.

அந்தச் சொல்லை அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன்? அம்மா 'ஏங்க' என்பாள். தெருவில் அவர் 'பாப்பா அப்பா'. என்னை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவதால் வந்த பெயர் அது. தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்த பிரிவிலேயே அதே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். குழப்பம் வேண்டாமென்று ஒருவரைக் குள்ளர் என்றும், இன்னொருவரைக் கோலார் என்றும், அப்பாவை அவர் குடியிருந்த தொம்மலூரை வைத்தும் கூப்பிட்டார்கள். "ஏ தொம்லூரு, பாரப்பா இல்லி" என்று சூப்பர்வைசர் கன்னடத்தில் இங்கே வரச் சொல்லிக் கத்தினால் அப்பா ஓட வேண்டும். முப்பத்திரண்டு வருடம் அவர் அங்கே தொம்லூராகத்தான் இருந்தார். அதற்காக வருத்தப்பட்டுப் பேசியதில்லை. என்னைக் கூப்பிட ஓர் ஊரே வேண்டியிருந்தது என்று சிரிப்பார்.

மறுநாளிலிருந்து கூட்டம் தொடங்கும் நேரத்துக்கு அப்பா குளித்து, தேய்த்த சட்டை போட்டு, செய்தித்தாளுடன் கூடத்தில் உட்கார ஆரம்பித்தார். புது ஹெட்செட் வந்த பிறகும் வாரத்தில் ஒருநாள் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். சாப்பிடும்போது, இன்னைக்கு என்னை என்ன கேட்டாங்க என்பார். ஒரு பக்கம் திறக்க மாட்டேனென்கிறது, அதற்குப் பதில் கேட்டார்கள் என்றால், கேட்டா சட்டுனு சொல்லிடும்மா, என் பேர் கெட்டுடும் என்பார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அலுவலகம் மறுபடி திறந்த பிறகு, அந்த ஜெர்மன் பெண்மணி ஒரு வார வேலையாகப் பெங்களூர் வந்தார். வந்த முதல் நாளே அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றார். மதியச் சாப்பாட்டுக்கு விருந்தினரை அழைத்து வரலாம் என்று அனுமதி வாங்கினேன். கேப் அனுப்புகிறேன் என்றதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, பஸ்ஸிலேயே வந்தார். மேம்பாலத்து மேலே போகிற பஸ்ஸில் முதல் தடவை வந்தாராம், எங்கே இறங்குவது என்று நடத்துநரை நாலு முறை கேட்டாராம்.

வாசலில் காவலர் பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். இந்தப் பெயர்க்காரர் காலையிலேயே உள்ளே போய்விட்டாரே என்று கன்னடத்தில் சொன்னார்.

"அவளு நன்ன மகளு," என்றார் அப்பா. அவள் என் மகள்.

காவலருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் இறங்கி வந்து என் அட்டையைக் காட்டி விளக்கினேன். அப்பாவுக்கு ஒரு விருந்தினர் அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டினார்கள். அவரும் நானும் ஒரே பெயரோடு லிப்டில் ஏறினோம்.

அந்த அம்மா எங்களுக்காக உணவுக்கூடத்தின் ஜன்னல் ஓர மேஜையில் காத்திருந்தார். எழுந்து நின்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கை கொடுத்தார். அப்பா வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த ஆங்கில வாக்கியத்தைச் சொன்னார். என் மகளுக்கு நல்ல வேலை கற்றுக் கொடுத்ததற்கு நன்றி என்பது அதன் பொருள். மற்றதை நான் மொழிபெயர்த்தேன்.

சாப்பாட்டுக்கு நடுவே அந்தப் பெண்மணி தன் பெயரைப் பற்றிச் சொன்னார். அது அவருடைய அத்தையின் பெயராம். சின்ன வயதில் இறந்துபோன அத்தை. அப்பாவின் பெயர் யாருடையது என்று கேட்டார். சாமி பெயர் என்று நானே பதில் சொல்லப் போனேன். அப்பா என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"சாமி பேர்தான். ஆனா சாமிக்காக வெச்சதில்ல. ஒரு டி.டி.ஆர். பேர் அது."

அதுவரை நான் கேட்டிராத கதை. அப்பாவைப் பெற்றவர்கள் குடியாத்தம் பக்கம். தாத்தாவுக்குக் கண்டோன்மென்ட்டில் ஒரு மர டிப்போவில் வேலை. அப்பாவைச் சுமந்திருந்த பாட்டிக்குப் பிறந்த வீட்டில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாததால், பிரசவத்துக்குப் பெங்களூருக்கே அழைத்து வந்திருக்கிறார் தாத்தா. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று நம்பி ரயில் ஏறியவர்கள். பங்காரப்பேட்டை தாண்டியதும் வலி வந்துவிட்டது. பெட்டியில் நிற்க இடமில்லை. டிக்கெட் பார்க்க வந்தவர் நிலைமையைப் பார்த்து, ஆண்களை எல்லாம் அடுத்த பக்கம் போகச் சொன்னார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடி, பெண்கள் பெட்டியிலிருந்து பேறுகாலம் பார்த்துப் பழகிய ஓர் அம்மாளை அழைத்து வந்தார். கார்டிடம் பேசி வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தார். தன் போர்வையைக் கொடுத்தார். குழந்தை மாலூருக்கும் கண்டோன்மென்ட்டுக்கும் நடுவில் எங்கோ பிறந்தது. ஸ்டேஷனில் ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது, அதற்கும் அவரே சொல்லி வைத்திருந்தார். தாத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பெயரைக் கேட்டாராம். அவர் சொல்லிவிட்டு, வண்டி கிளம்புகிறது என்று ஏறிப் போய்விட்டார்.

போர்வையைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்க, குழந்தையைக் காட்ட, தாத்தா அந்த ஸ்டேஷனுக்குப் பலமுறை நடந்திருக்கிறார். வேறு பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொன்னார்களாம். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டா, எந்த ஊர், எதுவும் தெரியாது.

ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்த நான் நடுவில் டம்ளரை எடுத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். அந்த அம்மா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். தான் இவ்வளவு வருடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அந்த மனிதரையா என்று மெல்லக் கேட்டார். மொழிபெயர்த்ததும் அப்பா யோசித்துவிட்டு, எங்க மூணு பேரையும்தான் என்றார்.

பஸ் நிறுத்தம் வரை நடந்தபோது, இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டேன். நீ கேட்கலையேம்மா என்றார். உண்மைதான். என் பெயரை ஏன் வைத்தீர்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் பெயரைப் பற்றிக் கேட்கத் தோன்றியதே இல்லை.

அடுத்த வருடம் அலுவலகத்தில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். அவரவர் விரும்பும் பெயரைத் தேர்ந்துகொள்ளலாம், மின்னஞ்சலிலும் அட்டையிலும் அதுவே வரும் என்று அறிவிப்பு வந்தது. எனக்கும் அப்போது பதவி உயர்ந்திருந்தது. எனக்குக் கீழே ஆறு பேர். என் பெயரிலேயே கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அப்பாவை நினைத்தால் படிவத்தில் கை ஓடவில்லை. பத்து நாள் தள்ளிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் பேரை வெச்சதும் நாங்கதானே? அதையும் நாலு பேர் கூப்பிடட்டும்."

திங்கட்கிழமை மாற்றிக் கொடுத்தேன். அப்பாவின் பெயர் முன்புபோல் ஓர் எழுத்தாக என் பெயருக்கு முன்னால் போய் நின்றது. அந்த வாரக் கூட்டத்தில் ஜெர்மன் பெண்மணி என் பெயரைப் பார்த்துப் பார்த்து, பழகிக்கொண்டு வந்த மாதிரி நிதானமாகச் சொன்னார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பேசாமல் இருந்தேன். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் என்னை என்று உறைத்தது.

கல்யாணமாகி நான் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்து ஹெப்பகோடிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா இப்போது காலையில் பூங்காவுக்கு நடக்கப் போகிறார். ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே சேர்ந்து நடக்கிறார்கள், பாதிப் பேர் கன்னடக்காரர்கள், இரண்டு தெலுங்குக்காரர்கள். சேர்ந்த அன்றே பெயரை முழுதாகச் சொல்லிவிட்டாராம். போன வாரம் அம்மா வீட்டுக்குப் போனவள் அவரோடு நானும் நடந்தேன். இரண்டாவது சுற்றில் எங்களுக்குப் பின்னாலிருந்து ஒருவர் அப்பாவின் பெயரோடு கன்னட வழக்கப்படி 'அவரே' என்று சேர்த்து, மரியாதையாகக் கூப்பிட்டார். நான் நேராகப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். அப்பா நின்று திரும்பினார். கூப்பிட்டவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், அப்பா இவள் என் மகள் என்று சொல்லி, என் பெயரையும் சொன்னார். பிறகு மூன்று பேரும் மூலைக்கடையில் காபி குடித்தோம்.