மணிக்கட்டில் ஏழு

இடது மணிக்கட்டின் உட்புறத்தில் பேனாவால் ஏழு என்று எழுதிக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு நடக்கிறாள். அது மருந்தின் அளவு அல்ல. "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க" என்று அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பியவரின் கட்டில் எண். கூட்டம் குறைந்ததும் பதிவேட்டில் போன் நம்பர் தேடி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பாள். குரலைக் கேட்ட பிறகுதான் ஸ்பிரிட் பஞ்சால் அந்த எண்ணை அழிப்பாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர், மேற்படிப்பின் கடைசி வருடம். நர்சுகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'இன்னொருதரம்'. "இன்னொருதரம் பாத்துடுவோமா?" என்று கேட்காமல் ஒரு சாதாரணக் காய்ச்சல்காரரைக்கூட அவளால் அனுப்ப முடியாது. வீட்டைப் பூட்டி நாலு படி இறங்கிய பிறகு திரும்ப ஏறிப்போய் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். கணவன் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டுக் கீழே போய் நின்றுகொள்கிறான். பாவம், வேறென்ன செய்வான்!

முதல் வருடத்தில் இவ்வளவு பயம் இல்லை. தப்பு செய்தால் பிடிக்க மேலே ஆள் இருந்தது. இப்போது பெரிய டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே வெளியே வருவதில்லை. "நான் இல்லன்னு நெனச்சுக்கோ. அஞ்சு வாரத்துல உன் படிப்பு முடிஞ்சிடும், அப்புறம் நெஜமாவே பக்கத்துல இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஏழாம் கட்டில்காரர் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர். நெஞ்செரிச்சல் என்று காலையில் வந்தார். ஈசிஜியில் கோளாறு இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து இரண்டையும் மறுபடி எடுக்க வேண்டும், அதுதான் அங்கே முறை. அதற்குள் பேருந்து விபத்தில் அடிபட்ட ஒன்பது பேரை ஒரேயடியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். கட்டில் போதவில்லை. ஓட்டுநர் சட்டையை மாட்டிக்கொண்டு, வலி சுத்தமாகப் போய்விட்டது, மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும் என்றார். எதையும் இன்னொருதரம் பார்க்கிறவள், அன்றைக்கென்று பார்த்து, ஒருதரத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இரண்டே முக்கால் மணிக்கு டீயை வாயருகே கொண்டுபோனபோது அந்த ஏழு கண்ணில் பட்டது. கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், அப்போதும் எடுக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்தால் போனைத் தொடாத மனிதராக இருக்கலாம். இல்லையென்றால்? வேனில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று மனம் வேறு கணக்குப் போட ஆரம்பித்தது. கண்ணாடி அறைக்கு ஓடிப்போய் நடந்ததைச் சொன்னாள்.

"சரி, இப்ப என்ன பண்ணப்போற?" என்றார் பெரிய டாக்டர். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

ஓட்டுநரின் சட்டைப் பையில் தைத்திருந்த பள்ளியின் பெயர் நல்லவேளையாக ஞாபகம் வந்தது. அலுவலகத்தில் ஒரு அம்மா எடுத்தார். பிள்ளைகள் வேனில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

"எல்லாரையும் எறக்கிடுங்க. அவர்கிட்ட சாவிய வாங்கிட்டு உக்கார வைங்க, நடக்க விடாதீங்க. ஆம்புலன்ஸ் அனுப்புறேன்." சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. போனை வைத்த கையோடு ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள்.

நல்லா இருந்தவனை ஊர் பார்க்கப் படுக்கவைத்துத் தூக்கிவந்து மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்று ஓட்டுநர் சண்டை போட்டபடியேதான் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. முதல் ஈசிஜியில் இல்லாதது இரண்டாவதில் இருந்தது. அடுத்த ஐந்தாவது நிமிடம் அவரை மேல்மாடி இதயப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

ஐந்து மணிக்குப் பெரிய டாக்டர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். அடைப்பை எடுத்துவிட்டார்கள், ஆள் பிழைத்துக்கொண்டார் என்றார். அவளை வீட்டுக்குக் கிளம்பச் சொன்னார்.

கை கழுவும் தொட்டியருகே நின்று பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். மூன்றாம், பதினொன்றாம் கட்டில்காரர்களின் குரலைப் போனில் கேட்டாயிற்று; மூன்றை அழித்தாள், பதினொன்றை அழித்தாள். ஏழுக்கு வந்ததும் பஞ்சு நின்றது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, பேனாவை எடுத்து, மங்கிப்போயிருந்த ஏழின் மேலேயே அழுத்தி இன்னொருதரம் எழுதினாள்.