எதையும் இரண்டு தடவை சொல்பவள்

என் தங்கை மகளை எங்கள் வீட்டில் மைக்கு என்றுதான் கூப்பிடுவோம். ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. பெற்றவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். குரல் தகப்பன் வழியில் வந்தது. அவள் அப்பாவின் அத்தை மீன் சந்தையில் ஏலம் கூவியவள். அந்த அம்மா இருமினால்கூட ஒரு கூடைக்கு விலை ஏறிவிடும் என்பார்கள். அந்தத் தொண்டை நடுவில் யாரிடமும் தங்காமல் நேராக இவளிடம் வந்து சேர்ந்தது.

தொழில் பழக்கத்தில் எதையும் இரண்டு தடவை சொல்வாள். "சாப்பிட வாங்க. சாப்பிட வாங்க." அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், வாயைத் திறப்பதே அரிது. அவரே ஒருநாள், "முதல் தடவைக்கு எழுந்திருப்பேன், ரெண்டாவதுக்குள்ள கை கழுவிடுவேன்" என்றார்.

அவர்கள் சொந்த வீடு வாங்கிக் குடிபோன அன்று, லாரியிலிருந்து இறக்கிய மெத்தைமேல் நான் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். இவள் நடைபாதையில் நின்று மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டு முகவரி மாற்றிக்கொண்டிருந்தாள். பெயர், பிறந்த தேதி, அம்மா பெயர், பழைய முகவரி, அடையாள அட்டை எண், எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக, இரண்டிரண்டு தடவை. மூன்றாவது மாடியில் துணி காயப்போட்டவள் எட்டிப் பார்த்தாள். எதிரே செல்போன் கடைக்காரர் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"மெதுவாப் பேசேன்டி."

"லாரி சத்தத்துல அவங்களுக்குக் கேக்க வேணாமா பெரியம்மா?"

அவர்களுக்குக் கேட்டது. கேட்க வேண்டாதவர்களுக்கும் கேட்டது.

இரண்டு மாதம் போயிற்று. வீட்டில் கடைசிப் பெட்டியைப் பிரிப்பதற்குள் போலீஸிலிருந்து அழைப்பு வந்தது. வீடு வாடகைக்குத் தருகிறேன் என்று போனிலேயே பேசி, முன்பணம் வாங்கிக்கொண்டு ஒருத்தி பல குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறாள். அந்தப் போன் எண் இவள் பேரில். பணம் போன வங்கிக் கணக்கும் இவள் பேரில். இவள் பேரில் இவளுக்குத் தெரியாமல் ஒருத்தி முழுசாக முளைத்திருந்தாள்.

விஷயம் ரயில் நிலைய மேலாளர் காதுக்கும் போயிற்று. நல்ல மனிதர்தான். ஆனாலும், "புகார் தீர்ற வரைக்கும் மைக் பக்கம் வராதம்மா. தீரலைன்னா வேற ஆள் போட வேண்டியதுதான். எனக்கு வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் அவள் எதையும் இரண்டு தடவை சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னதே அபூர்வம். அடுப்படியில் நின்றபடி ஒருநாள் கேட்டாள்: "பெரியம்மா, என் பேரு, எங்கம்மா பேரு, நான் பொறந்த நாள் எல்லாம் அவகிட்ட இருக்கு. எனக்குன்னு என்ன மிச்சம்?" நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் என் கண்ணீருக்கு ஒரு காரணம் இருந்தது.

வீட்டுக்காரருக்கு விடுப்புக் கிடைக்காததால் போலீஸ் நிலையத்துக்கு நான்தான் துணை போனேன். அங்கே ரொட்டி சுட்டு விற்கும் ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். ஏமாந்தவர்களில் ஒருவர். தட்டுமுட்டுச் சாமானோடு போய் யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவைத் தட்டி, அவமானப்பட்டுத் திரும்பியவர். இவளைப் பார்த்ததும் அந்த மனைவி, "இவதானா அது? மூஞ்சியைப் பாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி" என்றாள்.

மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பெண் அதிகாரி. "எல்லாம் உங்க பேர்ல இருக்கு. நீங்க இல்லைன்னு எதை வெச்சு நம்பறது?"

இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த நம்பர் என்னோடது இல்ல மேடம். அந்த நம்பர் என்னோடது இல்ல."

இரண்டாவது தடவை சொன்னபோது ரொட்டிக்காரர் சட்டென்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"வண்டி..." என்றவர் திகைத்துப்போய் இவளையே பார்த்தார். "ஏம்மா, ஸ்டேஷன்ல மைக்ல பேசறது நீங்களா?"

"நான்தான்."

"மேடம், என்கிட்ட பேசினது இந்தக் குரல் இல்ல."

அதிகாரி அசையவில்லை. "போன்ல குரலை மாத்திப் பேச முடியாதா?"

ரொட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எதையோ காதுக்குள் தேடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பொம்பளை என்கிட்ட பேசினப்போ நான் நடைமேடையில நின்னுட்டிருந்தேன். தலைக்கு மேல மைக் பேச ஆரம்பிச்சுது. 'கொஞ்சம் இருங்கம்மா, இது முடியட்டும்'னேன். 'யாருய்யா அவ, இந்தக் கத்து கத்தறா'ன்னு கேட்டா. மேல பேசினது இவங்க, மேடம்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"முன்னாடியே பதிவு பண்ணி வெச்சதா இருக்கலாமே?"

"இல்ல மேடம். வழி தெரியாம ஒரு குழந்தை வந்திருக்கு, பெத்தவங்க வாங்கன்னு சொன்னாங்க. நடுவுல அந்தக் குழந்தையே மைக்ல ஏதோ சொல்லிச்சு. நடைமேடையே சிரிச்சுது. அது வந்து..."

அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். இவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. குழந்தை என்ன சொல்லிச்சு?"

"மஞ்சச் சட்டை போட்ட குழந்தை. ஒரு கால்லதான் செருப்பு. என் மடியில உக்காந்திருந்துச்சு. 'தொலைஞ்சது நான் இல்ல, எங்கப்பாதான்'னு சொல்லிச்சு."

ரொட்டிக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அதேதான்! அதேதான்!" அவரும் இரண்டு தடவை சொன்னார்.

எத்தனையோ கல்யாணம், எத்தனையோ சாவு பார்த்தவள் நான், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒருத்தி இவள் பேரைப் போர்த்திக்கொண்டு அந்த மனிதர் காதுக்குள் பொய் பேசுகிறாள். அதே நொடியில் இவள், எதுவும் தெரியாமல், அவர் தலைக்கு மேலே ஊரான் பிள்ளைக்குத் தகப்பனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். என்ன மிச்சம் என்று கேட்டாளே, அதற்குப் பதில் அந்த மனிதர் காதில் இத்தனை நாள் இருந்திருக்கிறது.

அதிகாரி ரயில் நிலையத்துக்குப் போன் போட்டார். மேலாளர் அந்தக் குழந்தையை மறக்கவில்லை, தேதியும் ஒத்துப்போனது. "அப்போ இவங்களை மைக்ல உக்கார வைக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனை வைத்தார். பிறகு, "உங்க விவரமெல்லாம் எப்படி வெளியே போச்சு?" என்று கேட்டார்.

"ஊருக்கே சொன்னா மேடம்" என்றேன் நான். "மெத்தைமேல உக்காந்து நானும் கேட்டேன்." நாற்காலியை வெளியே போட்டுக் கேட்ட செல்போன் கடைக்காரரைப் பற்றியும் சொன்னேன். விசாரித்தபோது அவரும், போனில் பேசிய அவர் கூட்டாளி ஒருத்தியும் அகப்பட்டார்கள். அது பிறகு.

வாக்குமூலம் எழுத வேண்டுமே. "பேரு, பிறந்த தேதி, அம்மா பேரு சொல்லுங்க" என்றார் அதிகாரி. இவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசைமேல் குனிந்து கிசுகிசுத்தாள்.

"கேக்கல. கொஞ்சம் சத்தமா."

"சத்தமாப் பேசித்தான் மேடம் இங்க வந்திருக்கேன்" என்றாள், அதையும் கிசுகிசுப்பாகவே. ரொட்டிக்காரர் மனைவிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போகும்போது இவள் கையைப் பிடித்து, "தப்பா நினைச்சுக்காதம்மா" என்றாள்.

அங்கிருந்து நேராக ரயில் நிலையம் போனோம். அவள் படியேறித் தன் அறைக்குப் போனாள். நான் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே கரகரவென்று ஒரு சத்தம், பிறகு குரல். வண்டி வருகிறது என்றாள். வண்டி வருகிறது என்றாள். படித்துக்கொண்டிருந்தவர் தாளை மடித்தார், தூங்கியவர் விழித்தார், ஒருத்தி குழந்தையை இடுப்பில் ஏற்றினாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யார் பேசுவது என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பிடிக்க வேண்டிய வண்டி எதுவும் இல்லை. ஆனாலும் நானும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.