பாதியில் திரும்பாத மனிதர்

எங்கள் ஊரில் மலை என்றால் சுற்றி வருவதற்கு. ஏறுவதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததுகூட இல்லை. அப்படிப்பட்ட எங்களை மகள் இமயமலைக்கு அனுப்பிவைத்தாள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள், அப்பா அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. ஒரு நல்ல மிக்ஸி வாங்கித் தந்திருந்தால் நான் பாட்டுக்குச் சட்னி அரைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

"ஒண்ணும் கஷ்டமில்லம்மா. மாசாமாசம் கிரிவலம் போறீங்க இல்ல, அதே மாதிரிதான்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. என் வீட்டுக்காரர் அதை அப்படியே நம்பியதுதான் வினை.

அவர் கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் வேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற உடம்பு. ஆனால் பௌர்ணமி வந்துவிட்டால் வெறுங்காலோடு கிளம்பிவிடுவார். ஒருமுறை நல்ல காய்ச்சல். பாதி வழியில் இருக்கிற அடி அண்ணாமலை வருவதற்குள் கண் சொருகியது. ஆட்டோவில் ஏறுங்கள் என்று கெஞ்சினேன். "பாதியில திரும்பினா சுத்துனதுக்கு அர்த்தமே இல்ல. நடந்தா சரியாப் பூடும்" என்று நடந்தார். வீடு வந்து சேரும்போது காய்ச்சல் உண்மையிலேயே விட்டிருந்தது. அன்றிலிருந்து அவருக்கு மருந்து, மாத்திரை எல்லாமே நடைதான்.

மலையடிவாரத்தில் ஜீப்பை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் மலையை எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் முழுசாகத் தெரியும். இது மேகத்துக்குள் போய் முடிந்தது என்று நினைத்தால், மேகத்துக்கு மேலே மறுபடி ஆரம்பித்தது. "இத எப்பிடிங்க சுத்துறது?" என்று கேட்டேன். "சுத்த முடியாது. ஏறி அந்தாண்ட இறங்கணும்" என்று சிரித்தார். உச்சியில் ஒரு கணவாய் இருக்கிறது, அதைத் தாண்டி மறுபக்கம் இறங்குவதுதான் பயணம் என்று வழிகாட்டியும் சொன்னார்.

வழிகாட்டி அந்த மலைக்காரர். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்து நடந்தன. தலைவலி, வாந்தி எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்று சொல்லி, தினமும் காலையில் எங்கள் இரண்டு பேரையும் விசாரிப்பார். நான் முட்டி வலியிலிருந்து கூடாரத்துக் கழிப்பறை வரை ஒரு பாட்டுப் பாடுவேன். என் வீட்டுக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சோறு இல்லாத கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

கணவாய்க்கு முந்தைய நாள் காலை. பனியில் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் போன என் வீட்டுக்காரர் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். நிமிர்ந்து பார்த்தவர் மரியாதையாகக் கை கூப்பினார்.

"நீங்க எந்த ஊருங்க?" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "ஆரணிங்க. பட்டுப் பொடவ விக்க வந்தேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஆரணியா, நல்ல ஊருங்க. இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தியா கீது, பாத்துப் போங்க" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் பனி. ஒரு காக்காய்கூட இல்லை. வழிகாட்டியைக் கூப்பிட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் ஓடி வந்து, என் வீட்டுக்காரரை நேர்கோட்டில் நடந்து காட்டச் சொன்னார். ஜென்மத்தில் குடித்தறியாத மனிதர் குடிகாரனைப் போலத் தள்ளாடி விழப் பார்த்தார். காற்று கம்மியான உயரத்தில் மூளை வீங்கிவிட்டது, இப்போதே கீழே இறக்க வேண்டும், இங்கேயே வைத்திருந்தால் செத்துப்போவார் என்றார் வழிகாட்டி. செத்துப்போவார் என்ற வார்த்தை மட்டும் காதில் நின்றது. கொஞ்சம் முன்புதான் அவருடைய குல்லாயைச் சரியாகப் போடச் சொல்லித் திட்டியிருந்தேன்.

வழிகாட்டி அவர் கையைப் பிடித்தார். இவர் உதறித் தள்ளினார். "பாதியில திரும்ப மாட்டேன், விடுய்யா!" ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் பள்ளம். இழுத்தால் இரண்டு பேருமே போய்விடுவார்கள். வழிகாட்டி கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு எப்படித் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. "திரும்பவே வேணாங்க. இப்பிடித்தான் வழி. எம லிங்கம் தாண்டியாச்சு, நிருதி லிங்கம் கீழதான் இருக்குது, வாங்க" என்றேன். அவர் கீழே பார்த்தார். தலையாட்டினார். எழுந்தார்.

கையைப் பிடிக்கப் போனேன். கூச்சத்தோடு பின்வாங்கினார். "வேணாங்க, தப்பு. நானே வரேன்." கட்டின புருஷன் என் கையைத் தொட மறுக்கிறார், நான் வேற்றுப் பெண்ணாம். என் ஊன்றுகோலின் ஒரு முனையை நீட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டார். வழிகாட்டி பின்னால், அவர் இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கிரிவலப் பாதையில் வரிசையாக வரும் எட்டு லிங்கங்களையும் வளைவுக்கு ஒன்றாகச் சொன்னேன். நிருதி, வருணன், வாயு. ஒவ்வொன்றுக்கும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நடுவில் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"வீட்டுல ஒருத்தி இருக்காளுங்க. வாய் ஜாஸ்தி, மனசு நல்லது. எனக்கு ரெண்டு நாளா தல பொளக்குது, அவகிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா பயந்துடுவா. கல்யாணமானதுலேந்து அவள எங்கயும் கூட்டினு போனதில்லீங்க. இங்க வந்து அந்தப் பனியப் பாத்து, சின்னப் புள்ளையாட்டம் கையில அள்ளி அள்ளிப் பாக்குறா. அதக் கெடுக்கக் கூடாதுன்னு வாயத் தொறக்கல."

பிடிவாதக்காரர், பாதியில் திரும்ப வேண்டிவரும் என்று மறைத்திருக்கிறார் என்று மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தவள் நான். "அப்பிடிங்களா" என்று மட்டும் சொன்னேன். முன்னால் நடந்ததால் என் முகம் அவருக்குத் தெரியாது என்று எண்ணிக்கொண்டேன். லிங்கங்கள் தீர்ந்துபோயின, வளைவுகள் தீரவில்லை. மறுபடி இந்திர லிங்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்ன பிறகும் நான் நம்பவில்லை. அவர் என்னை யார் என்று சொல்ல வேண்டும், அதுவரை எனக்கு எதுவும் நிச்சயமில்லை.

மறுநாள் பகலில் கண் விழித்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"நீ எப்ப வந்த?" என்றார்.

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டி, யாரையோ தேடினார்.

"ஆரணி அம்மா ஒருத்தங்கதான் என்னக் கூட்டினு வந்தாங்க. அவங்களுக்கு ஒரு காப்பித்தண்ணி வாங்கிக் குடு. பாவம், என்ன கஷ்டமோ தெரியல, வழியெல்லாம் அழுதுனே வந்தாங்க."