பார்சலோடு போன மண்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். அந்த நோட்டில் பிள்ளையார் சுழி மட்டும் ஏழெட்டுப் பக்கங்களில் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வராது என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், எழுதினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான் நிஜமான காரணம்.

நாங்கள் சங்கரன்கோவிலில் தறிக்காரக் குடும்பம். வீட்டின் பின்கட்டில் இரண்டு விசைத்தறி. என் வீட்டுக்காரர் நெய்வார். நான் சேலையைப் போனில் படம் பிடித்துக் குரூப்பில் போட்டு விற்பேன். ஆறு மணிக்குக் குளித்து, விளக்கேற்றி, முதலில் கோமதி அம்மன் படத்தைப் போட்டு எல்லாருக்கும் வணக்கம் சொல்வேன். பிறகு வாசல் கேட்டில் சேலைகளை விரித்து, ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு அனுப்புவேன். "நாலாம் நம்பர் எனக்கு" என்று முதலில் யார் சொல்கிறார்களோ அவருக்கு அது. கோயம்புத்தூர், சென்னை, மஸ்கட் என்று முகம் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் அந்தக் குரூப்பில் இருந்தார்கள்.

ஆனால் அவர்களைத் தக்கவைப்பது பெரிய பாடு. இதே போலச் சேலையை இன்னும் எத்தனையோ பேர் போடுகிறார்கள். ஒருத்தி அஞ்சு வாங்கினால் ஒன்று இலவசம் என்பாள், இன்னொருத்தி பாயிண்ட் தருவாள். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் ஓடாது. எனக்குத் தெரிந்தது அம்மன் ஒருத்திதான். கோவிலுக்குப் போகும்போது புற்றுமண் கொஞ்சம் எடுத்து வருவேன். எங்கள் ஊர்க் கோவிலின் பிரசாதமே அந்த மண்தான். நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், தோல் வியாதிக்குப் பூசுவார்கள். அதை ஒரு கைப்பிடி தாளில் மடித்து, மஞ்சள் தடவி, ஒவ்வொரு பார்சலிலும் வைத்தேன்.

வியாபாரத் தந்திரம் என்று நினைத்து அதைச் செய்யவில்லை. ஆனால் ஒரு தடவை வாங்கியவர்கள் அதற்குப் பிறகு வேறு குரூப்புக்குப் போகவில்லை. பார்சலைப் பிரித்ததும் சேலையைவிடப் பொட்டலத்தைத்தான் படம் எடுத்துத் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். அதைப் பார்த்து அவர்கள் வீட்டு நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி என்று புதுப்புது ஆட்கள் வந்தார்கள். என் பெயரே குரூப்பில் "மண்ணக்கா" என்று ஆகிவிட்டது.

"ஏட்டி, சேலைக்கு மண்ணு இலவசமா, மண்ணுக்குச் சேலை இலவசமா? எனக்கு வெளங்கல" என்பார் வீட்டுக்காரர்.

"நீங்க தறியப் பாருங்க. அம்மன் காரியத்துல வாய வைக்காதீங்க" என்பேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், எங்கள் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிய நேரத்தில் அவருடைய பெரியப்பா இறந்துபோனார். பதினாறு நாள் எங்களுக்குத் தீட்டு. கோவில் வாசலை மிதிக்கக்கூடாது. ஆனால் ஆர்டர் வந்து குவிகிற நேரமும் அதுதான். கோவிலுக்குத்தான் தீட்டு, பார்சலுக்குத் தீட்டு இல்லை என்று மனதைச் சமாதானப்படுத்தி, நாற்பது பார்சல் கட்டினேன். மண்ணுக்கு என்ன செய்வது? பக்கத்து வீட்டு மைனியை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். அவள் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணம் என்று காலையிலேயே போய்விட்டாள். பார்சல் வண்டிக்கார அண்ணாச்சி வாசலில் நின்று ஹாரன் அடித்தார்.

"எம்மா, சட்டுனு குடுங்க. இன்னும் நாலு எடத்துக்குப் போணும்."

"அஞ்சே நிமிசம் அண்ணாச்சி!"

அந்த ஐந்து நிமிஷம் அரைமணி நேரம் ஆனது. அதற்குள்தான் எல்லாம் நடந்தது. மண் இல்லாமல் பார்சல் போனால், மண்ணக்கா மாறிவிட்டாள் என்று சொல்வார்களே என்று நினைத்தேன். சிரட்டையை எடுத்துக்கொண்டு புறவாசலுக்கு ஓடினேன். செம்பருத்திச் செடியின் அடியில் தோண்டி, சல்லடையில் சலித்து, நாற்பது தாளில் மடித்து, பார்சல்களில் செருகி ஒட்டினேன். மண்ணெல்லாம் அம்மன் மண்தானே என்று சொல்லிக்கொண்டேன். தீட்டோடு கோவிலுக்குப் போனால் பாவம் என்று பயந்த எனக்கு, இது பாவம் என்று அப்போது தோன்றவில்லை.

பத்து நாள் கழித்துக் குரூப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. விருதுநகரில் இருந்து ஒரு தங்கச்சி. நீலச் சேலை வாங்கியவள்.

"அக்கா, சேலை நல்லாருக்கு. நான் சொல்ல வந்தது அது இல்ல. என் மக கையில ரெண்டு வருசமா கரப்பான், சொறிஞ்சு சொறிஞ்சு அழுவா. உங்க மண்ணக் குழைச்சுப் பூசுனேன். நாலே நாள்ல அரிப்பு அடங்கிருச்சுக்கா! டாக்டர் மருந்தையே நிறுத்திட்டேன். இன்னும் ரெண்டு பொட்டலம் சேத்து வைங்க."

நான் அடுப்படியில் நின்றபடியே பார்சல் சீட்டுகளைப் புரட்டினேன். அவளுடையது தீட்டு நாளில் போன பார்சல்தான். தறிக்குச் சாயம் போட்ட நூல் அலசுகிற தண்ணீரும், துணி துவைக்கிற சோப்புத் தண்ணீரும் அந்தச் செம்பருத்திக்குத்தான் போகும். அந்த மண்ணைத்தான் ஒரு பிள்ளையின் புண்ணில் பூசுகிறாள். அதுவும் மருந்தை நிறுத்திவிட்டு.

குரூப் பரபரத்தது. கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. பதிவை எல்லாரும் அவரவர் குடும்பக் குரூப்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். மதியத்துக்குள் வீட்டில் ஒரு சேலை பாக்கி இல்லை. "சேலை எதுனாலும் பரவால்ல, பொட்டலம் உண்டா?" என்று கேட்டார்கள். நான் வாசலுக்கும் புறவாசலுக்குமாக நடந்தேன். பார்சல் ஒன்றும் கட்டவில்லை. "அது புற்றுமண் இல்லை" என்று டைப் செய்வேன், அழிப்பேன். மறுபடி செய்வேன், அழிப்பேன். ஒருத்தி கேட்டாள்: "என்னக்கா, அரைமணி நேரமா டைப் பண்ணுதீங்கன்னே காட்டுது. புது டிசைனா?"

மறுநாள் தனியாக அவளுக்குப் போன் போட்டேன். சொல்லிவிட்டேன். "தங்கச்சி, அது கோவில் மண்ணு இல்ல. என் வீட்டுச் செடியடி மண்ணு. பூசாத. மருந்தப் போடு."

அவள் சிரித்தாள். "என்னக்கா இப்படிப் பணிவா பேசுறீங்க! அம்மன் உங்க வீட்டுச் செடியடியிலயும் இருப்பாக்கா. பொட்டலம் தீந்துபோச்சுன்னா சொல்லுங்க, காத்திருக்கேன்."

என்ன சொல்லியும் நம்பவில்லை. இரண்டு நாளில் ஒரு படம் அனுப்பினாள். அந்தச் சின்னக் கையில் நீர் வடிந்துகொண்டிருந்தது. "உள்ள இருக்கறத மண்ணு வெளிய இழுக்குதுக்கா" என்று எழுதியிருந்தாள். விளக்கு முன்னால் உட்கார்ந்தேன், அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவில் போய் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தறியை நிறுத்தினார்.

"நீ தீட்டுக்குப் பயந்தியா, ஆர்டர் போயிரும்னு பயந்தியா?"

"ரெண்டுக்குந்தான்."

அவர் திட்டவில்லை. "போன்ல சொன்னா நம்ப மாட்டா. காலையில ரயிலுக்குக் கெளம்பு. நானும் வாரேன்" என்றார்.

ரயிலில் வழி நெடுக மடியில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆர்டர், ஆர்டர். ராஜபாளையம் தாண்டியதும் அணைத்துவிட்டேன். என்னிடம் வாங்குகிறவர் யாரையும் அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை.

கதவைத் திறந்தவள் எங்கள் தறியில் ஓடிய அதே நீலச் சேலையில் நின்றாள். யாரென்று சொன்னதும் என் காலில் விழப் போனாள். "சங்கரன்கோவில் அக்கா வந்திருக்காங்க!" என்று எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும். கையைப் பாவாடைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

"மிச்ச மண்ணு இருக்கா? எடுத்துட்டு வாம்மா" என்றேன்.

சாமி படத்துக்கு முன்னாலிருந்த பொட்டலத்தை எடுத்து வந்தாள். ஒரு தட்டில் கொட்டி விரலால் கிளறினேன். சல்லடைக்குத் தப்பிய நீல நூல் துணுக்கு இரண்டு கிடந்தது. வீட்டுக்காரர் ஒன்றை விரல் நுனியில் எடுத்துக் காட்டினார்.

"இது எங்க தறி நூலும்மா. சாமி புத்துல நூல் எங்கன இருந்து வரும்? அலசுத தண்ணியோட போயி மண்ணுல கெடந்தது."

அவள் அந்த நூலைப் பார்த்தாள். பிறகு தன் முந்தானையைப் பார்த்தாள். அதே நீலம்.

"நான் கும்பிடுத கோமதித் தாய் மேல ஆணை. பொய் சொன்னது நான்தான்" என்றேன்.

அவள் என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், செருப்பைப் போட்டாள். எதிர்வீட்டு அம்மா, "சங்கரன்கோவில் அக்காவுக்குக் காப்பி போட்டியாடி?" என்று கேட்டபடி வந்தாள். "இவங்க கெளம்பிட்டாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்களைத் தாண்டித் தெருவில் வேகமாக நடந்தாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலாகத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனது. அந்தப் பார்வை இப்போதும் விளக்கேற்றும்போது வரும்.

வீட்டுக்கு வந்ததும் குரூப்பில் என் குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நாற்பது பொட்டலத்தையும் யாரும் பூச வேண்டாம், கீழே கொட்டிவிடுங்கள் என்றேன். பாதிப் பேர் விலகினார்கள். சிலர் என்னென்னவோ எழுதினார்கள், எல்லாவற்றையும் வாசித்தேன். அழிக்கவில்லை. இரண்டு வாரம் நான் போனை எடுப்பதும் வைப்பதுமாகக் கிடந்தேன். அதன் பிறகு விருதுநகரில் இருந்து ஒரு படம் வந்தது. ஆறிய சின்னக் கை. மேலே லேசான தழும்பு. எழுத்து ஒன்றும் இல்லை. நான் பதில் எழுதுவதற்குள் அவள் குரூப்பை விட்டுப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்போதும் சேலை விற்கிறேன். பார்சலில் சேலை மட்டும்தான் இருக்கும். இழை விட்டுப்போன இடம் இருந்தால் முதலில் அந்த இடத்தைத்தான் படம் பிடித்துப் போடுகிறேன். கொஞ்சம் பேர்தான் வாங்குகிறார்கள், ஆனால் திரும்பத் திரும்ப அவர்களே வாங்குகிறார்கள். புற்றுமண்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. தினமும் நெற்றியில் இட்டுக்கொள்கிறேன். குறை மண்ணில் இல்லை, என் கையில்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வருஷம் ஆடித்தபசுக் கூட்டத்தில், கோவில் பிராகாரத்தில் என் முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நடந்தார்கள்.

"இந்த ஊர்ல ஒரு அக்கா சேலை விக்காளாம். அம்மன் கனவுல வந்து, உன் வீட்டுச் செடியடியில இருக்கேன்னு சொல்லிச்சாம். அந்த மண்ணப் பூசுனா எந்தப் புண்ணும் ஆறிருமாம், தெரியுமா?"

"ஏட்டி, நெசமாவா?"

"போன்ல வந்திருக்குல்லா!"

எட்டிப் போய் அவர்களை மறித்தேன். "யம்மா, அந்த அக்கா நான்தான். கனவும் இல்ல ஒண்ணும் இல்ல, அது சாயத் தண்ணி மண்ணு" என்றேன். ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாருக்கே! பேர் வாங்க எல்லாருக்கும் ஆசதான்" என்று சொல்லிவிட்டு, போனை நீட்டிக் காட்டினாள். விருதுநகர்த் தங்கச்சியின் முதல் குரல் பதிவு அப்படியே இருந்தது. நான் பேசிய பதிவில் "என் வீட்டுச் செடியடி மண்" என்ற இடத்தை மட்டும் யாரோ வெட்டி அதோடு ஒட்டியிருந்தார்கள். பொய் என்று நான் சொன்னது அதில் இல்லை.

அதனால்தான் அந்தப் பிள்ளையார் சுழி நோட்டைத் திரும்ப எடுத்தேன். இந்நேரம் எந்த ஊரில், எந்தப் பிள்ளையின் கையில், யார் வீட்டுச் செடியடி மண்ணைப் பூசுகிறார்களோ!

இதை வாசிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். நாலு பேருக்கு அனுப்புங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி அனுப்புங்கள். அம்மனைக் கனவில் கொண்டுவராதீர்கள். சாயத் தண்ணீரை எடுத்துவிடாதீர்கள். நூல் துணுக்கை எடுத்துவிடாதீர்கள். மருந்தை நிறுத்தியதால் அந்தக் கையில் நீர் வடிந்ததை எடுத்துவிடாதீர்கள். நீளமாக இருக்கிறது, வெட்டித்தான் அனுப்ப முடியும் என்று தோன்றினால், தயவுசெய்து அனுப்பாமலே இருந்துவிடுங்கள்.